ஐஸ் பெட்டியில் வைத்த தவளை

சிராங்கூன் சாலையில் நடந்த புகைப்படக் கண்காட்சியில் தண்டபாணியின் தவளைப் படத்துக்கே முதற்பரிசு கிடைத்தது. ஈர இலைமேல் அமர்ந்திருந்த அத்தவளையைக் கண்டு வியக்காதவர் இல்லை. தண்டபாணியோ தலைநிமிர இயலாமல் நின்றார்.

புக்கிட் பாஞ்சாங் சதுப்பில் முழங்காலளவு சேற்றில் இறங்கி அதைப் பிடித்துத் தந்தவர் அவருடைய நண்பர் காசிம். "படம் எடுத்ததும் புடிச்ச எடத்துலயே கொண்டாந்து விட்டுடணும்" என்பது மட்டுமே காசிமின் நிபந்தனை. வீட்டுக்குக் கொண்டுபோன தவளை துள்ளிக்கொண்டே இருந்தது. சற்றே குளிர்ந்தால் அடங்குமென எண்ணி, தண்டபாணி அதை ஐஸ் பெட்டியில் வைத்தார். வைத்தவர் கண்ணயர்ந்தும் போனார். விழித்தபோது அது விறைத்துக் கிடந்தது. அதையே இலைமேல் அமர்த்திப் படமெடுத்தார்.

இப்போது காசிம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் தோளை அணைத்தார்.

"ஜெயிச்சிட்டீங்க பாணி! நம்மாளு எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கான் பாருங்க. ஞாயித்துக்கெழமை போயி அவன்கிட்டயும் சொல்லிட்டு வருவோம் லா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். தண்டபாணி காசிமை ஏறிட்டுப் பார்த்தார்.

"அவன் செத்துட்டான், காசிம். செத்தப்பறம்தான் படமே எடுத்தேன்."

சிரிப்பு அடங்கிற்று. காசிம் படத்தை மறுபடியும் உற்று நோக்கினார். பின்னர்த் தோளிலிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டு, "என்கிட்டயாச்சும் அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.