இருபதாவது புகை

கணக்கெடுப்பு தொடங்கியபோது எங்கள் மலை ஊரான சியாபீதில் பத்தொன்பது வீடுகள் இருந்தன. இருபது இருந்தால்தான் மலைமேல் எரிவாயுக் குழாய் வரும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். போன குளிரில் விறகுக்குப் போன என் மனைவியைப் பனி மூடியது. நான்கு நாள் கழித்துத் தோண்டி எடுத்தோம். விறகுக்கட்டை அவள் கை விட்டிருக்கவில்லை.

ஆற்றுக்கு அப்பால் இருந்த கரமலியிடம் போனேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் வாய்க்கால் தகராறில் சைபொல்லாவின் மகனைக் கொன்றவன். எங்கள் வழக்கப்படி, கொன்றவன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். செத்தவனைப் பெற்றவர் கூப்பிடாமல் அவன் அடுப்பு ஊரில் மறுபடி எரியக்கூடாது. சிறையிலிருந்து வந்த பிறகும் அவன் ஆற்றைத் தாண்டவில்லை.

"இத்தனை வருஷமா செத்தேனா இருக்கேனான்னு கேக்கல. தலை எண்ணணும்னதும் வந்துட்டியா, நூரு?"

"ஒரு காலை மட்டும்தான் அண்ணே. உன் பழைய வீட்டுல உக்காரு. எண்ணி முடிச்சதும் போயிடு."

"சைபொல்லா மாமா?"

"மேல் வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போயிடுவாரு."

அவரிடம் கேட்டிருக்கலாம். மாட்டேன் என்பாரோ என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை அவனும் மனைவியும் வந்து பழைய வீட்டில் உட்கார்ந்தார்கள். கணக்கெடுக்க வந்தவர் கரமலியின் வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். "பாதிக் கூரை இல்ல. அடுப்புல சாம்பல்கூட இல்ல. இங்க குடியிருக்காங்கன்னு எப்படிங்க எழுதறது?"

நான் கரமலியின் மனைவி கொலந்தாமைப் பார்த்தேன். "அண்ணி, டீ போடுங்க."

ஈர விறகு. புகை கூரையின் ஓட்டை வழியாகத் தடித்து எழுந்தது. எழுதுகிறவரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புகை மேல் வயலுக்குத் தெரியும் என்பது நினைவுக்கு வரவேயில்லை.

சைபொல்லா வாசலில் நின்றார். கையில் சேறு ஒழுகும் மண்வெட்டி.

"யார் கூப்பிட்டது?"

நான் கணக்கெடுப்பவரின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கெளம்பிட்டேன் மாமா. டீகூட குடிக்கல," என்று கரமலி எழுந்தான்.

முதல் வெட்டு அவன் தோளில் விழுந்தது. குறுக்கே பாய்ந்தேன், என் இடது கையின் இரண்டு விரல்கள் போயின. அடுத்தது கரமலியின் கழுத்தில். கெண்டி கவிழ்ந்து அடுப்பு சீறியது. அவன் கால் சுவரை உதைத்துக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. கொலந்தாம் அருகில் உட்கார்ந்தாள். அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சைபொல்லா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். யாரும் அவரைப் போகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கோவேறு கழுதையின் மேல் பாய்களை ஏற்றத் தொடங்கினார். அவர் மனைவி அடுப்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"நான் இங்கதான் இருக்கப்போறேன்," என்றாள் கொலந்தாம். "இனி என்னைப் போகச் சொல்ல யாரு இருக்கா? எழுதிக்குங்க."

கணக்கெடுக்க வந்தவர் பேனாவை எடுத்தார். நனைந்த தாளை வழித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மொத்தம் எத்தனை வீடுங்க?"

சட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு நான் வெளியே பார்த்தேன். சைபொல்லாவின் கோவேறு கழுதை வளைவைத் தாண்டிவிட்டிருந்தது.

"பத்தொன்பது," என்றேன்.