மூலையில் ஒரு முந்தானை

சடையன் சாமிக்கு உயிர்மேல் ஆசை கிடையாது என்பது மார்க்கெட் முழுக்கத் தெரியும். தெரியாமல் இருக்க அவர் விட்டால்தானே. விடிந்தும் விடியாமலும் காசியம்மாளின் இட்லிக் கடை முன்னால் வந்து நிற்பார். "இந்தக் கட்டை இன்னிக்கு வுழுந்தா இன்னா, நாளைக்கு வுழுந்தா இன்னா" என்று கோயிலுக்குப் பின்னால் தெரியும் மலையைப் பார்த்துச் சொல்வார். காசியம்மாள் மந்தார இலையில் இட்லி வைத்து நீட்டுவாள். கட்டை சம்மணம் போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும். கத்தரிக்காய் மூட்டை இறக்குகிறவர்களும் பூக்காரர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். அந்த மரியாதை சாமிக்கு இட்லியைவிடப் பிடிக்கும்.

எழுபத்தெட்டாம் வருடம் புரட்டாசியில் ஒரு நாள் தருமன் என்கிற போட்டோக்காரன் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினான். ஏதோ ஊதுவத்திக் கம்பெனியின் காலண்டருக்கு, முற்றும் துறந்த முகம் ஒன்று வேண்டுமாம். கோபுர வாசலில் இருட்டோடு இருட்டாகத் தேடிப் பார்த்தான். ஒரு சாமியார் தாடியைச் சீவிக்கொண்டு வர நேரம் கேட்டார். இன்னொருவர் தன் புது டிரான்சிஸ்டரும் படத்தில் விழவேண்டும் என்று அதை மடியில் வைத்துக்கொண்டார். தருமன் வெறுத்துப்போய் டீ குடிக்க மார்க்கெட்டுக்கு வந்தான். அங்கே இட்லி ஆவிக்கு நடுவில் சடையன் சாமி உட்கார்ந்திருந்தார்.

"அப்படியே இருங்க சாமி, அசையாதீங்க. ஒரே ஒரு படம்" என்றான்.

சாமி வாய்க்குக் கொண்டுபோன இட்லியை இலையிலேயே திரும்ப வைத்துவிட்டார். கீழ்பென்னாத்தூரில் ஆதிமூலம் என்ற பெயரோடு வேர்க்கடலை பயிரிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய தாத்தாவைப் படம் எடுத்தார்கள். மறுநாளே தாத்தா போய்விட்டார். தாத்தாவுக்குத் தொண்ணூறு வயது, படுக்கையை விட்டு எழுந்தே வெகு நாளாகிறது, போவதற்குள் ஒரு படம் இருக்கட்டும் என்றுதான் ஆளையே கூட்டி வந்தார்கள் என்று யார் சொல்லியும் ஆதிமூலம் காதில் ஏறவில்லை. படம் பிடித்தால் ஆயுள் குறையும், அவ்வளவுதான். வீடு, நிலம், மாடு கன்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனிதர் இந்தப் பயத்தை மட்டும் பத்திரமாகக் கூடவே கொண்டுவந்திருந்தார்.

"இன்னிக்கு அஷ்டமி. படம் எடுக்கக் கூடாது" என்றார்.

"அஷ்டமி நேத்தே போயிடுச்சி சாமி" என்றான் பூக்கடைச் சகாதேவன்.

"நான் மௌன விரதம்."

"அப்போ இப்ப பேசினது யாரு?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. காசியம்மாள் சட்டுவத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள். தானும் படத்தில் விழலாம் என்ற ஆசையில் அவசரமாக ஒரு முழம் பூவைத் தலையில் செருகியிருந்தாள். "எடுத்துக்கட்டும் வுடுங்க சாமி. கட்டை இன்னிக்கு வுழுந்தா இன்னா, நாளைக்கு வுழுந்தா இன்னா?"

சாமி வகையாக மாட்டிக்கொண்டார். எழுந்து ஓடினால் உயிர் தப்பும். ஆனால் நாளையிலிருந்து இந்த மார்க்கெட்டில் ஒரு பயல் மதிக்கமாட்டான். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கை பக்கத்தில் துழாவி, அகப்பட்டதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கிளிக் என்றது கேமரா.

"ஆகா, சமாதி நிலை" என்று நெகிழ்ந்துபோனான் தருமன்.

சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். மலை அதே இடத்தில்தான் இருந்தது. தினமும் சாப்பிடுவதைவிட அன்றைக்கு இரண்டு இட்லி ஜாஸ்தி சாப்பிட்டார். அடுத்த ஒரு மாதம் இருமல் வந்தாலே கதிகலங்கினார். ஆனால் ஒன்றும் ஆகவில்லை.

தை பிறந்ததும் காலண்டர் வந்தது. காசியம்மாள் அதைக் கடை வாசலிலேயே மாட்டினாள். ஆவிக்கு நடுவில் கண்மூடிய சாமி. கீழே 'மரணத்தை வென்ற மோனம்' என்று கொட்டை எழுத்து. ஓரத்தில் நின்ற காசியம்மாளைக் கம்பெனிக்காரன் வெட்டிவிட்டிருந்தான். முழுவதும் வெட்டவில்லை. மூலையில் மஞ்சள் கட்டம் போட்ட அவளுடைய முந்தானை தெரிந்தது. அம்மாவோடு திருவிழாவுக்கு வந்த குழந்தையைப் போல அதை ஒரு கை பிடித்திருந்தது. அந்தக் கையில் ருத்திராட்சம்.

சகாதேவன் கண்ணில் வேறு எது படும்? "இன்னா சாமி இது, மரணத்தை வென்றவரு முந்தானையப் புடிச்சினு கீறாரு?"

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. சாமிக்கோ தாத்தா போனது போலப் போயிருந்தாலே தேவலை என்று தோன்றியது.

காசியம்மாள் மாவு ஊற்றுகிற கையை நிறுத்தவில்லை. "படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு எனக்குப் பயம்ப்பா. ஓடப் பாத்தேன். சாமிதான், ஓடாதேன்னு முந்தானையப் புடிச்சி நிறுத்தினாரு" என்றாள்.

சகாதேவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் விடியற்காலையில் சாமி வந்தார். மலையைப் பார்க்கவில்லை. கட்டையைப் பற்றியும் பேசவில்லை. யாரும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குனிந்தார்.

"காசியம்மா, எனக்குச் சாவுன்னா ரொம்ப பயம்."

"தெரியும் சாமி" என்று காசியம்மாள் இலையை நீட்டினாள். "ஆறிடப் போவுது, சாப்புடுங்க."