மூன்றாவது மாதிரி

விடிகாலையில் எடித் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது. ஐந்து மாதமாக மன்னாரில் ஒரு துளி விழவில்லை. ஊரே மழைக்குக் காத்திருக்க, அவள் மட்டும் இன்றைக்கு வரக்கூடாதென்று மாதாவை மன்றாடிக்கொண்டு நடந்தாள்.

வீதிக்குப் போடும் தாரை ஆராயும் குழுவொன்றில் அவள் ஆய்வுகூட உதவியாளர். மீனவர்கள் கழித்துவிட்ட பிளாஸ்டிக் கயிறுகளை வெட்டித் தாரில் உருக்கினால் வெயிலையும் உப்புக் காற்றையும் வீதி அதிக காலம் தாங்கும் என்பது பொறியியலாளர் யோகராசாவின் நம்பிக்கை. ஆவணி மாதம் பள்ளிமுனை வீதியில் நூற்றிருபது மீற்றருக்கு அந்தக் கலவையைப் போட்டுப் பார்த்தார்கள்.

அதற்கு முன்னர் எடித் மூன்று மாதிரிகளை வட்ட அச்சில் வார்த்து, வெயிலைத் தாங்குமா என்று பார்க்க ஆய்வுகூடச் சூட்டடுப்பில் வைத்திருந்தாள். இரண்டு நன்றாக வந்தன. மூன்றாவதில் மட்டும் தார் மேலே கசிந்து எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது. அச்சில் போடும்போது தன் கைதான் பிழைத்துவிட்டதென்று நினைத்தாள். வீதி போடும் நாளும் குறித்தாயிற்று. இரண்டின் முடிவை மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

போன கிழமை, மத்தியான வெயிலில், வீதி அதேபோல மினுங்கத் தொடங்கியிருந்தது.

இன்று அங்கே போய்ச் சேர்ந்ததும் அவள் வாளித் தண்ணீரை வீதியில் ஊற்றி, வழுக்கலை அளக்கும் கருவியை நிறுத்தி வைத்தாள். அதன் கை ஊசலாடி வந்து, நுனியிலுள்ள இறப்பரால் ஈர வீதியை உரசிச் சென்றது. நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் ஆபத்து. முள் இருபத்தொன்பதில் நின்றது. திரும்பவும் அளந்தாள். இருபத்தெட்டு.

யோகராசா கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

"ஒன்பது மணிக்கு வந்திடுவன். அதுவரைக்கும் ஒண்டும் செய்யாதேங்கோ" என்றார் தொலைபேசியில்.

"சேர், ஏழரைக்குப் பள்ளிக்கூடம். பிள்ளையள் சைக்கிளிலை வருவினம்."

"வீதியை மறிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, எடித். பொலிசுக்குச் சொல்லுங்கோ."

சொன்னாள். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். கால் மணி, அரை மணி, ஒருவரும் வரவில்லை. காற்று குளிரத் தொடங்கியது.

கரையிலிருந்து யாகப்பர் வந்தார். வீடு வீடாகப் போய்ப் பழைய கயிறு சேர்த்துக் கொடுத்தவர் அவர். "எங்கட ரோட்டு" என்றுதான் அந்தத் துண்டைச் சொல்லுவார்.

"என்ன பிள்ளை, முகம் வெளிறிக் கிடக்கு?"

"அண்ணை, ரோட்டை மறிக்கவேணும். மழை பெய்தால் வழுக்கும்."

"எங்கட கயிறோ பிழை?"

"கயிறிலை ஒண்டுமில்லை. தார் கூடிப்போச்சு."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இருவருமாக மீன்பெட்டிகளை இழுத்து வந்து நகரப் பக்கத்தை மறித்தார்கள். மற்றப் பக்கத்துக்கு ஓடும்போதே மழை பொத்துக்கொண்டு விழுந்தது.

எதிரே வீடு வீடாகப் பாண் விற்கும் ஓட்டோ வந்தது. அப்துல் றசாக், தினமும் அந்த வீதியால் வருபவர். எடித் இரண்டு கைகளையும் வீசிக் கத்தினாள். அவளைக் கண்டு அவர் பிறேக்கை அழுத்தினார். ஓட்டோ அரைவட்டமாகச் சுழன்று, வீதியோரத்தில் இடித்துச் சரிந்தது. கண்ணாடிப் பெட்டி உடைந்து பாண்கள் மழையில் சிதறின.

"யேசுவே!" என்று ஓடினார் யாகப்பர். றசாக்குக்கு நினைவிருந்தது. வலது மணிக்கட்டு மட்டும் கோணலாகத் தொங்கியது. மறித்த பக்கத்தில் வந்து நின்ற வான் ஒன்றில் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, மற்றப் பக்கத்தையும் மறித்தார்கள். சற்று நேரத்தில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரத்து மண்ணால் நடந்து போனார்கள்.

ஒன்பது மணிக்கு யோகராசா நனைந்தபடி வந்து வீதியைப் பார்த்தார்.

"ரெண்டு மாதிரியும் சரியாத்தானே இருந்தது?"

"மூண்டு செய்தனான் சேர்" என்றாள் எடித். "மூண்டாவதிலை தார் கசிஞ்சது. நான் எழுதேல்லை."

அவர் மீன்பெட்டியொன்றில் இருந்துவிட்டார்.

"ஏன் சொல்லேல்லை?"

"நான் விட்ட பிழையெண்டு நினைச்சன். நாளும் குறிச்சிட்டியள்."

"நான் அவசரப்பட்டதும் உண்மைதான்" என்றார் கடைசியில். "எத்தினை செய்தனீங்கள் எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

மழை விட்டதும் உழவு இயந்திரத்தில் சல்லிப்பொடி வந்தது. யாகப்பரும் அயலில் நின்ற ஆட்களும் மண்வெட்டியால் அள்ளிப் பரப்பினார்கள். மத்தியானம் வெயிலில் தார் இளகியபோது உருளை வந்து பொடியை அழுத்தியது. திரும்ப அளந்தபோது ஐம்பத்திரண்டு. யோகராசாவையும் முள்ளைப் பார்க்கச் சொல்லிவிட்டே எழுதினாள். கலவை பிழை, தாரைக் குறைத்து முதலிலிருந்து செய்யவேண்டும் என்று மூன்று மாதிரிகளையும் குறிப்பிட்டு அறிக்கை எழுதி இருவரும் ஒப்பமிட்டார்கள். அவளுடைய வேலை நிலைக்குமா என்பதை யோகராசாவாலும் சொல்ல முடியவில்லை.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். றசாக்கின் கையில் கட்டுப் போட்டிருந்தது.

"றோட்டிலை என்ன மகள் ஊத்தினீங்க? முப்பது வருசம் ஓடுறன், இப்பிடிச் சறுக்கினதில்லை."

"தார் கூடிப்போச்சு, றசாக் நானா. கசியும் எண்டதுக்கு முந்தியே அடையாளம் கண்டனான். மறைச்சிட்டன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் இடது கையால் தலையணைக்குக் கீழே தடவித் தொலைபேசியை எடுத்து நீட்டினார்.

"எப்பிடி விழுந்தனெண்டு பொஞ்சாதிக்கு இன்னும் சொல்லல்ல. இப்ப எனக்குச் சொன்னதை அப்பிடியே அவவுக்கும் சொல்லுங்க."

எடித் அவர் காட்டிய இலக்கத்தை அழுத்திக் காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.