அப்படி யாரும் இங்கே இல்லை

பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருக்கிற லைட்ஹவுஸ் குப்பத்தில் புது ஆள் யாராவது வந்து ஒரு பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்ல" என்று சொல்லிவிட வேண்டும். எண்பத்தெட்டாம் வருஷம் பஞ்சாயத்து கூடி எடுத்த முடிவு இது. சின்னப் பிள்ளைகள்கூடத் தப்பாமல் சொல்லும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஒரு தூரத்து உறவுக்காரன், பத்திரிகையோடு அடுத்த படகிலேயே திரும்பிப் போனான். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இந்த முடிவுக்குக் காரணம் நாகப்பன். முகத்துவாரத்துக்கு வெளியே எஞ்சின் நின்றுபோன படகு ஒன்று தத்தளித்துக்கொண்டிருந்தது. இலங்கையிலிருந்து ஓடிவந்த ஆட்கள், கைக்குழந்தையோடு பெண்கள். நாகப்பன் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தான். கடலில் தவிக்கிறவனிடம் ஊர் பேர் கேட்கிற பழக்கம் மீன் பிடிக்கிறவர்களுக்குக் கிடையாது. பிறகொரு நாள் பழவேற்காடு மார்க்கெட்டில் வைத்துப் போலீஸ் அவனைப் பிடித்தது. பயத்தில் அவன் வேறு பெயரைச் சொல்லித் தொலைத்தான்.

அது பொய்யா நிஜமா என்று பார்க்க, அவனைப் படகில் ஏற்றி ஏரியைத் தாண்டிக் குப்பத்துக்கே கொண்டுவந்தார்கள். கரையில் நின்றிருந்த அவன் மனைவி முனியம்மாளிடம் "இது யாரு?" என்று கேட்டார்கள். பாவம், அவள் என்ன செய்வாள்? "எம் புருஷன் சாமி, நாகப்பன், வுட்ருங்க சாமி" என்று அழுதாள். படகு அப்படியே திரும்பிப் போனது. நாகப்பன் வீடு வந்து சேர்ந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. வலது கை விரல்கள் மடங்கவில்லை. "பாஸ்போர்ட் இல்லாதவன எங்கடா எறக்கின, பாஸ்போர்ட் இல்லாதவன எங்கடா எறக்கின" என்று கேட்டுக் கேட்டே அடித்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் என்ற அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று குப்பத்தில் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவன் விரல்கள்தான்.

"தெர்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வுட்ருப்பாங்க" என்று நாகப்பன் பெண்டாட்டியிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் முனியம்மாளுக்கு அது போதும். வலையைப் பிரிக்கும்போதும் உலை வைக்கும்போதும் தன் வாயால்தான் புருஷன் கை போயிற்று என்று மருகிக்கொண்டிருந்தாள்.

அவர்களுக்கு ஒரே மகள், தனக்கோடி. பதினோராம் வகுப்பு. தினமும் படகேறி பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவாள். பேரிலேயே கோடி இருக்கிறதே என்று பையன்கள் கேலி செய்வார்கள். அவளோ அந்தக் கோடியை வகுத்துப் பெருக்கி விளையாடுகிற ஜாதி. யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளி அலமாரியில் பூச்சி அரித்துக் கிடந்த பழைய புத்தகங்களைத் தானே எடுத்துப் படித்தாள். ஒரு நாள் மெட்ராசுக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். அதில் தேறியவர்களை பம்பாயில் வைத்து மறுபடி சலித்தார்கள். அந்தச் சல்லடையிலும் அவள் நின்றுவிட்டாள்.

உலகத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் வருஷா வருஷம் ஒரு கணக்குப் போட்டி நடக்கிறது. இரண்டு நாள், ஒரு நாளைக்கு மூன்று கணக்கு, நாலரை மணி நேரம். மூன்று கணக்குக்கு இத்தனை நேரமா என்று கேட்பவர்கள் அதில் ஒன்றை முயன்று பார்க்கலாம். எண்பத்தொன்பதில்தான் இந்தியாவிலிருந்து முதல் தடவையாக ஆறு பிள்ளைகள் போவதாக இருந்தது. மேற்கு ஜெர்மனிக்கு. அந்த ஆறில் தனக்கோடியும் ஒருத்தி.

முனியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் பொண்ணு சீமைக்குக் கணக்குப் போடப் போறா" என்று கூடை தூக்கும் பெண்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள். அங்கே குளிருமாம் என்று யாரோ சொன்னதிலிருந்து கம்பளிக்கு அலைந்தாள். அப்படி என்னதான் கணக்கு என்று ஒருநாள் இறால் உரித்துக்கொண்டே மகளிடம் கேட்டாள்.

"எந்த ஆறு பேர வேணாலும் ஒரு எடத்துல கூட்டு மா. அதுல மூணு பேரு ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவங்களா இருப்பாங்க. இல்லாங்காட்டி மூணு பேரு ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்களா இருப்பாங்க. ரெண்டுல ஒண்ணு இல்லாம போவவே போவாது. அத்த நிரூபிக்கணும்."

"போடி இவளே. நம்ம குப்பத்துல தெரியாதவங்கன்னு எவ கீறா? இதுக்கா உன்ன ஏரோப்பிளான்ல ஏத்தறாங்க?" என்றாள் முனியம்மாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஏரோப்பிளேனில் ஏற ஒரு பொருள் வேண்டுமே. அதற்கு விண்ணப்பம் எழுதியவர் பரீதா டீச்சர். இங்கிலீஷ் டீச்சர், கணக்கில் தானே தட்டுத் தடுமாறிப் பாஸானவர் என்று வெளிப்படையாகச் சொல்லுவார். பழவேற்காட்டின் பழைய வியாபாரக் குடும்பம் அவருடையது. இரண்டு அண்ணன்கள் துபாயில். அவர் வீட்டில் பாஸ்போர்ட் என்பது ரேஷன் கார்டு மாதிரி ஒரு சாதாரண சாமான். விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தால் டீ கொடுத்து உட்காரவைப்பார்கள். ஏரிக்கு அக்கரையில் அதே சொல்லைக் கேட்டால் ஒரு ஆள் நடுங்குவான் என்பது அவர் கற்பனைக்கு எட்டவில்லை.

தனக்கோடிக்குத் தெரியும். அதனாலேயே வீட்டில் அந்தச் சொல்லை அவள் உச்சரிக்கவில்லை. நாகப்பனிடம் "கவர்மெண்டு பேப்பர் நைனா" என்று சொல்லி இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கினாள். "போலீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்து கேப்பாரு, ஆமான்னு சொன்னா போதும்" என்று டீச்சர் சொன்னதையும் மறைத்தாள். ஆள் வரும்போது நாம் வீட்டில் இருப்போம், நாமே பேசிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டாள். அவ்வளவு பெரிய கணக்கெல்லாம் போட்டவள் இந்தச் சின்னக் கணக்கில் கோட்டை விட்டாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் ஆள் வந்தார். மாரி என்ற ஏட்டு. மப்டியில், கக்கத்தில் பையோடு. நல்ல மனுஷர்தான். ஆனால் முப்பது வருஷம் போலீஸில் இருந்தவருக்கு நல்ல விஷயத்தைக்கூட நல்லபடியாகக் கேட்கத் தெரியாமல் போயிருந்தது. சம்பந்தத்தின் டீக்கடையில் உட்கார்ந்து, "இங்க தனக்கோடின்னு ஒரு பொண்ணு. வெளிநாட்டுக்குப் போறாளாமே, யார் கூடப் போறா?" என்றார்.

சம்பந்தம் கிளாசைக் கழுவிக்கொண்டே, "அப்படி யாரும் இங்க இல்ல சார்" என்றான். பக்கத்தில் வலை பின்னியவர்களும் அதையே சொன்னார்கள். கோலி விளையாடிய பிள்ளைகளும் சொன்னார்கள். மாரி எழுந்து, யாரிடமும் வழி விசாரிக்காமல் நாகப்பன் வீட்டுக்கு நடந்தார். போன வருஷம் அவனை இறக்கிவிட வந்தவரும் அவர்தானாம், வீடு நினைவிருந்தது.

முனியம்மாள் அந்த முகத்தைப் பார்த்தாள். போன வருஷம் பார்த்த அதே போலீஸ் முகம்.

"நீதான முனியம்மா? தனக்கோடி உன் பொண்ணுதான?"

இல்லை என்று சொல்ல வழியில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறான். "இப்ப இல்ல சாமி" என்றாள்.

"இல்லன்னா? எங்க போயிருக்கா?"

"போய்ட்ச்சி சாமி. செத்துப் போச்சி. கடல் கொண்டுகினு போய்ட்ச்சி." சொன்னவுடன் நிஜமாகவே அழுகை வந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு வந்த பெண்கள் விஷயத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டு, கூடச் சேர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். மாரிக்கே கண் கலங்கியது. "ஐயோ பாவம், படிக்கிற பொண்ணு" என்று சொல்லி, எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு போனார்.

பெற்ற வாயால் சொல்லக்கூடாத சொல்லைச் சொன்னோமே என்று முனியம்மாள் அன்று சாயங்காலம் அம்மன் கோயிலில் விழுந்து கும்பிட்டாள். மகள் நெற்றியில் குங்குமத்தை அப்பினாள். எதற்கு என்று தனக்கோடி கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தச் சொல்லை இன்னொரு தடவை நாக்கில் எடுக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. குப்பத்திலும் யாரும் மூச்சு விடவில்லை. பொண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்று எல்லோருக்கும் திருப்தி.

மெட்ராசிலிருந்து பரீதா டீச்சருக்குத் தகவல் வந்தபோது நாள் நெருங்கிவிட்டது. மனுதாரர் இறந்துவிட்டதால் விண்ணப்பம் மூடப்படுகிறது என்றார்கள். அந்த வாரத்துக்குள் பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் வரிசையில் அடுத்திருக்கும் பிள்ளை போகும். டீச்சர் வகுப்பிலிருந்து தனக்கோடியைக் கையோடு அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

இன்ஸ்பெக்டர் வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பெண்ணைப் பார்த்ததும் சிரித்தார். "செத்தவங்க இவ்ளோ தெளிவா பேசுவாங்களா?" என்றார். மாரியைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். "பெத்த அம்மாவே அழுதுக்கிட்டே சொன்னாங்க சார்" என்றார் மாரி. பிறகு இன்ஸ்பெக்டர், "ஒண்ணும் கவலைப்படாதீங்க டீச்சர். ஒரு நடை போயிட்டு வந்துடலாம். அவங்க அம்மா வாயால இவ எம் பொண்ணுன்னு சொல்லட்டும், அங்கயே கையெழுத்து போட்டுத் தரேன்" என்றார். தனக்கோடிக்கு உயிர் வந்தது. அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை அவள் அதற்குள் ஊகித்திருந்தாள். என்னைப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

நான்கு பேரும் படகேறினார்கள். பலகையில் இடம் அவ்வளவுதான் என்பதால் தனக்கோடி இன்ஸ்பெக்டருக்கும் மாரிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். டீச்சர் பின்னால். வெட்டவெளி ஏரியில் படகு வருவது ரொம்ப தூரத்திலிருந்தே தெரியும். காக்கிச் சட்டை தெரிந்தது. நடுவில் பள்ளிக்கூடத் தாவணி தெரிந்தது. குப்பம் முழுக்கக் கரைக்கு வந்துவிட்டது. தனக்கோடி கையை ஆட்டினாள். கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு அவள் கெஞ்சுவதாகத்தான் பட்டது.

"டீச்சரே காட்டிக் குடுத்துட்டா பாரு" என்று ஒருத்தி பல்லைக் கடித்தாள்.

முழங்கால் தண்ணீரில் படகு நின்றது. பூட்ஸ் நனையும் என்று இன்ஸ்பெக்டர் இறங்கவில்லை. இறங்கியிருக்கலாம். இரண்டு வார்த்தை பக்கத்தில் வந்து பேசியிருக்கலாம். படகில் நின்றபடியே சத்தமாக, "பாஸ்போர்ட் விசாரணை! இந்தப் பொண்ணு யாரு?" என்றார்.

அந்தச் சொல் கரையில் விழுந்ததும் நாகப்பன் இரண்டடி பின்வாங்கினான்.

"தெர்ல சார்" என்றான் சம்பந்தம். "தெர்ல" என்றார்கள் பக்கத்தில் நின்றவர்கள். ஒரு வாண்டு முன்னால் வந்து, "அப்படி யாரும் இங்க இல்ல" என்றது. அதன் அம்மா அதை மெச்சிக்கொண்டு இடுப்பில் தூக்கிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் நாகப்பனைக் கேட்டார். அவன் மகளை நிமிர்ந்து பார்க்காமல் தலையை ஆட்டினான்.

"பயப்படாதீங்க, இது நல்லதுக்குத்தான்!" என்று டீச்சர் கத்தினார். போன வருஷமும் யாரோ இதையேதான் சொல்லியிருந்தார்கள்.

"நீ சொல்லும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "இது உன் பொண்ணா?"

"மா! ஆமான்னு சொல்லு மா! பயப்படாத, ஆமான்னு சொன்னாத்தான் நான் போவ முடியும்!" என்று தனக்கோடி அலறினாள்.

முனியம்மாள் மகளின் கலைந்த தலையைப் பார்த்தாள். அடித்துத்தான் இப்படிச் சொல்லவைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. போவ முடியும் என்றால் எங்கே? ஒரு தடவை ஆமாம் சொல்லிக் கெடுத்தது போதும். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரல் நடுங்காமல் சொன்னாள்.

"எம் பொண்ணு செத்துப் போச்சி சாமி. இது யாருன்னே எனக்குத் தெர்ல."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தனக்கோடி பக்கம் திரும்பினார். ஸ்டேஷனில் சிரித்த முகம் அதுவல்ல.

"அப்போ நீ யாரு?" என்றார். "செத்துப்போன பொண்ணு பேர்ல பாஸ்போர்ட் கேக்கறே. எந்தப் படகுல வந்தே? உன்னை அனுப்புனது யாரு?"

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்களும்தான் டீச்சர். ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். மாரி தனக்கோடியின் மணிக்கட்டைப் பிடித்தார். படகுக்காரன் கழியை ஊன்றித் திருப்பினான்.

விடவில்லை. இல்லை என்று சொல்லியும் விடவில்லை. முனியம்மாளுக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு தண்ணீரில் இறங்கி ஓடினாள். "எம் பொண்ணு! சாமி, எம் பொண்ணுதான் சாமி! கோடி!"

நாகப்பன் பாய்ந்து வந்து பின்னாலிருந்து அவளை இழுத்தான். சம்பந்தமும் இரண்டு பெண்களும் சேர்ந்து பிடித்தார்கள். அவள் திமிறத் திமிற, பக்கத்து வீட்டுக்காரி தன் முந்தானையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"சும்மா கிட முனியம்மா" என்று அவள் காதோரம் கெஞ்சினாள். "நல்லாத்தான் சொன்ன. கெடுத்துக்காத. தெர்லன்னு சொல்ட்டோம் இல்ல, இனிமே வுட்ருவாங்க."