பதினாறாவது கிலோமீட்டர்

ஓட்டக் குழுவில் அவருக்கு எஞ்சின் என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்கக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை எங்காவது ஹாஃப் மாரத்தான் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். "லிஃப்ட் கெட்டுப்போனாத்தான் என்னைக் கூப்பிடறாங்க. அப்போ நான் படியிலதானே போகணும்? அதுதான் என் பயிற்சி" என்று சொல்லிச் சிரிப்பார். இருபத்தோரு கிலோமீட்டரை ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்தில் ஓடியதுதான் அவருடைய சாதனை. குழுவில் அவர் வயதுக்காரர்கள் யாரும் அந்த நேரத்தைத் தொட்டதில்லை.

அவர் மனைவிக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் பல் வரிசையை அடுக்கி, கடிக்கும்போது மேலும் கீழும் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுரண்டுகிற வேலை. பந்தய நாட்களில் பையும் துண்டுமாக எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பாள். வாயைப் பிளந்துகொண்டு ஓடி வருகிறவர்களைப் பார்த்து, எது சொந்தப் பல், எது கட்டின பல் என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் மெல்லச் சொல்லிவிடுவாள். அதனால் அவளுக்கும் ஒரு பெயர் கிடைத்தது: பல்லக்கா.

ஐம்பதாவது வயதில், ஒரு லிஃப்டின் கூரை மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது எஞ்சின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர் புத்திசாலித்தனமாக உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கலாம், ஓடக் கூடாது, பந்தயம் என்ற பேச்சே கூடாது என்றார் டாக்டர். கம்பெனி அவரை அலுவலகத்தில் போனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள். "பயப்படாதீங்க. மூச்சை நிதானமா விடுங்க. ஆள் கிளம்பிட்டாங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்ன நடைக்குத் துணையாகத்தான் அவள் முதலில் போனாள். நாலு நாள் நடந்தார். "இது நடையா? பொணத்துக்குப் பின்னாடி போற மாதிரி இருக்கு" என்று ஐந்தாம் நாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. தனியாக நடந்தாள். ஒரு நாள் மழை வரும்போல் இருந்தது, வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம் என்று ஓடினாள். மழை வரவில்லை. ஆனாலும் அவள் ஓட்டத்தை நிறுத்தவில்லை. மறுநாளும் ஓடினாள்.

அவள் ஓடுகிறாள் என்று தெரிந்ததும் அவருக்கு உயிர் வந்த மாதிரி ஆயிற்று. கையை எப்படி வீச வேண்டும், ஏற்றத்தில் எப்படி அடி வைக்க வேண்டும், எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வருடம் சொல்லிக் கொடுத்தார். சமையலறையில் இடுப்பில் கை வைத்து நின்றால்கூட "தோளை இறக்கு" என்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. பல் செட் கூடத்தில் அவள், "நேத்து என் பி.பி.யைக் குறைச்சுட்டேன்" என்று, ஓட்டக்காரர்கள் பி.பி. என்கிற பர்சனல் பெஸ்ட் நேரத்தைச் சொல்லப்போக, மேலாளர், "நல்லதும்மா, உப்பையும் குறைச்சுடு" என்றாராம். அதை அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

போன பந்தயத்தில் அவள் இரண்டு மணி ஒரு நிமிடத்தில் ஓடி முடித்தாள். அன்று சாப்பிடும்போது கல்லூரியில் படிக்கும் மகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அப்பா, இன்னும் மூணே நிமிஷம். அம்மா உங்களைப் பிடிச்சுடுவாங்க" என்றாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சிரித்தார். ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அதை அவள் கவனித்தாள்.

அதற்குப் பிறகும் சொல்லிக் கொடுத்தார்தான். ஆனால் பாதிப் பேச்சில் எழுந்து போனார். பழைய ஓட்டக் காலணிகளைத் துடைத்து வெயிலில் வைத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "பூஞ்சை பிடிக்குது" என்றார்.

இந்தப் பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் உட்கார வைத்துச் சொன்னார்: "ஒரு கிலோமீட்டருக்கு அஞ்சு நிமிஷம் நாப்பது செகண்ட். அதுக்கு மேல ஒரு துளி வேகம் கூடாது. ரெண்டு மணிக்குள்ள வந்துடுவ. பதினாறாவது கிலோமீட்டர்ல, அந்த மருந்துக்கடை வாசல்ல நான் தண்ணியோட நிப்பேன். அதுவரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு வா."

சரி என்றாள். அவர் பேச்சைச் சந்தேகிக்க அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

காலையில் நல்ல குளிர்ச்சி. குழுவில் இருந்த ஒரு கணக்கு டீச்சரும் அவளோடு சேர்ந்து ஓடினாள். முப்பது வயதுப் பெண். ஓடும்போதும் வாய் ஓயாது. பாலம் தாண்டி, கிடங்குகள் இருக்கும் நீளச் சாலைக்குள் நுழைந்தபோது பாதி தூரம் முடிந்திருந்தது.

"பல்லக்கா, உங்களுக்கு மூச்சே வாங்கலையே. இன்னும் இழுக்கலாமே?"

"வேணாம். அஞ்சு நாப்பதுலயே போகச் சொல்லியிருக்காரு."

டீச்சர் கொஞ்ச தூரம் பேசாமல் ஓடினாள். மனசுக்குள் கணக்குப் போடுகிறாள் என்று அப்போது இவளுக்குத் தெரியவில்லை. "அப்படிப் போனா ஒண்ணு அம்பத்தொம்போது அரை வரும். எஞ்சின் அண்ணனோட டைம் என்ன, அம்பத்தெட்டா? அட, சரியா அவருக்கு ஒரு ஒன்றரை நிமிஷம் பின்னாடி நிறுத்தியிருக்காரு உங்களை!" என்று சொல்லிச் சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அந்தச் சிரிப்பு இவளுக்கு எங்கோ போய்க் குத்தியது. வெயிலில் வைத்த காலணி நினைவுக்கு வந்தது. தாமதமாக வந்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. அப்படி இருக்காது, இரண்டு மணி என்பது எல்லாரும் வைக்கிற இலக்குதானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல ஆத்திரம்தான் ஏறியது. வருடக்கணக்காகப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றவள் அவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்காமல் உட்கார்ந்திருந்தவள். அவளுக்கும் அளந்துதான் கொடுப்பாரா?

கால்கள் தாமாகவே வேகமெடுத்தன. டீச்சர் பின்னால் எதையோ சொன்னாள், காதில் விழவில்லை. முன்னால் போன ஒவ்வொரு முதுகாக நெருங்கி வந்தது, விலகிப் பின்னால் போனது. உடம்பு இவ்வளவு நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஆத்திரம் எரிந்துகொண்டே இருந்தது.

மருந்துக்கடை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். தோளில் அவள் பை, கையில் தண்ணீர் பாட்டில். அவளைப் பார்த்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சாலையில் இறங்கினார்.

"ஏய், மெதுவா! என்ன வேகம் இது? நாம பேசினது இது இல்லையே!"

"என்னால முடியுது" என்றாள். பாட்டிலை வாங்கவில்லை.

"கடைசியில படுத்துடுவ! சொன்னா கேளு!"

அவர் ஓடத் தொடங்கினார். அவள் பக்கத்திலேயே, நடைபாதையை ஒட்டி, செருப்புக் காலோடு. பை முதுகில் அடித்துக்கொண்டது. சில அடிகளுக்கு இருவரும் ஒன்றாக ஓடினார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒன்றாக ஓடியது அதுதான் முதல் தடவை.

"நீங்க ஓடாதீங்க. நில்லுங்க" என்றாள் அவள்.

"நீ வேகத்தைக் குறை, நான் நிக்கறேன்."

அவள் குறைக்கவில்லை. அவர் பின்தங்கினார். செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் பின்னால் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றார். மூச்சு வாங்கினால் எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள். இதைத்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மீதித் தூரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு ஓடினாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். நிற்கவில்லை.

எல்லைக்கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் ஒரு மணி ஐம்பத்தேழு என்று காட்டியது. யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். தலைக்கு மேல் ஒலிபெருக்கி வாய்க்கு வந்ததைக் கத்திக்கொண்டிருந்தது. அவள் வழக்கமாகப் பையோடு நிற்கிற இடத்தைப் பார்த்தாள். அங்கே வேறு யாரோ யாருக்காகவோ துண்டோடு நின்றார்கள்.

அவள் போன் அவரிடம் இருந்த பைக்குள் இருந்தது. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போனைக் கெஞ்சி வாங்கி, அவர் எண்ணுக்கு அடித்தாள். ஏதோ ஒரு பெண் குரல் எடுத்தது.

"இவரோட வீட்டுக்காரங்களாம்மா? பயப்படாதீங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரு, ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருக்காங்க. நினைவெல்லாம் நல்லா இருக்கு. பையும் போனும் இங்கேயே இருக்கு, நான் மருந்துக்கடையிலேருந்து பேசறேன்."

ஆஸ்பத்திரிக்கு அவள் ஓடிய உடையோடுதான் போனாள். வேர்வை காய்ந்து முகத்தில் உப்பு படிந்திருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் அவள் கழுத்தைப் பார்த்தபிறகுதான் பதக்கத்தைக் கழற்றவில்லை என்பது தெரிந்தது. கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே மூடி வைத்துக்கொண்டாள்.

இன்னொரு இடத்தில் அடைப்பு இருந்தது. அன்று மத்தியானமே இரண்டாவது ஸ்டென்ட் வைத்தார்கள். "இன்னைக்கு ஓடினதால வந்த அடைப்பு இல்லைம்மா இது. ரொம்ப நாளா இருந்திருக்கு. இன்னைக்கு இல்லைன்னா வேற என்னைக்காவது காட்டியிருக்கும்" என்றார் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். மகளும் வந்துவிட்டாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது. கட்டிலுக்கு ஒரு பக்கம் மகள், மறுபக்கம் அம்மா.

"உங்களை யாருப்பா ஓடச் சொன்னது?" என்றாள் மகள். அவர் பதில் சொல்வதற்குள் அம்மா பக்கம் திரும்பினாள். "நீ அங்கதானேம்மா ஓடிக்கிட்டு இருந்த? அப்பாவை நீ பார்க்கவே இல்லையா?"

"அவ எங்க பார்த்தா? அவ தாண்டிப் போனப்புறம்தான் நான் ஓடினேன். அவளுக்கு எதுவும் தெரியாது" என்றார் அவர். குரல் மெல்லிசாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

அந்தப் பொய்யை அப்படியே விட்டிருக்கலாம். அவள் தலையாட்டினால் போதும், மகளோடு எந்த வம்பும் இல்லை. ஆனால் இதையும் அவர் கையால் வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"பார்த்தேன்" என்றாள். "குனிஞ்சு நின்னாரு. பார்த்துட்டுத்தான் போனேன்."

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே போனாள். அதற்குப் பிறகு பல நாள் அம்மாவோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

எஞ்சின் வீடு திரும்பியதும் குழுவினர் பழத்தோடு பார்க்க வந்தார்கள். அவளுடைய நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கணக்கு டீச்சர்கூட வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவரே சொன்னார்: "ஒண்ணு அம்பத்தேழு. என்னைவிட ஒரு நிமிஷம் கம்மி. தெரியும்ல உங்களுக்கெல்லாம்?" எல்லாரும் அவசரமாகக் கை தட்டினார்கள். அவள் எழுந்து டீ போடப் போனாள். யாரும் டீ கேட்டிருக்கவில்லை.

அவர்கள் போனபிறகு அவள் கேட்டாள். இத்தனை நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

"அன்னைக்கு அந்த வேகத்தை வேணும்னேதான் சொன்னீங்களா?"

அவர் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "பாதி வேணும்னேதான். மீதி, பயம்."

"என்ன பயம்?"

"எனக்கு வந்தது உனக்கும் வந்துடுமோன்னு. நானும் இப்படித்தானே, நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு ஓடிக்கிட்டு இருந்தேன்."

"ரெண்டுல எது அதிகம்?"

"உனக்கு எது வசதியோ அதை வெச்சுக்க" என்றார்.

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கத்தியிருப்பாள். அவர் மணிக்கட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

"நீயும் ஒண்ணு சொல்லு" என்றார் அவர். "நான் குனிஞ்சு நின்னதைப் பார்த்தப்போ என்ன நினைச்ச?"

"சும்மா மூச்சு வாங்குதுன்னு நினைச்சேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி நினைச்சுக்கிட்டேன்" என்று அவள் திருத்தினாள்.

"ம்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அவள் எழுந்தபோது, "ஓடறதை விட்டுடாத. ஆனா இனிமே என்னை வந்து நிக்கச் சொல்லாத. நீ என்னைத் தாண்டிப் போறதை என்னால பார்த்துக்கிட்டு நிக்க முடியாது" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அவள் மறுபடியும் ஓடப் போனாள். பந்தயத்துக்கு இல்லை, சும்மாதான். கடிகாரம் கட்டிக்கொள்ளவில்லை. பாலம் வரை நன்றாக ஓடினாள். அங்கே பின்னாலிருந்து யாரோ ஒருவரின் காலடிச் சத்தம் கேட்டது. அது நின்றுவிடாமல் கிட்டே வந்து, அவளைத் தாண்டி, முன்னால் போகும்வரை அவளால் மூச்சு விட முடியவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் வீட்டுக்கு நடந்தே வந்தாள்.