வராதவர்கள் மட்டும்

நாற்பது பள்ளிகள், முப்பதாயிரம் பிள்ளைகள். தினமும் ஆளுக்கு ஒரு வரி எழுதினால் ஆண்டுக்கு அறுபது லட்சம் வரிகள். பழைய வருகைப் பக்கம் திறப்பதற்குள் தலைமையாசிரியைகள் காபி குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடுவார்கள்.

புது மென்பொருளைக் கட்டிய நான், வந்தவர்களை எழுதவே இல்லை. வராதவர்களை மட்டும் எழுதினேன். வரி இல்லையென்றால் பிள்ளை வந்திருக்கிறது என்று அர்த்தம், பெயருக்குப் பக்கத்தில் பச்சை. அறுபது லட்சம் நான்கு லட்சமாகச் சுருங்கியது. பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருத்தி உண்டு. பட்டப்பெயர் தூசி. கண்ணில் விழுந்தால் உறுத்திக்கொண்டே இருப்பாள்.

"டீச்சர் அன்னிக்கு அட்டெண்டன்ஸே எடுக்கலைன்னா?" என்றாள். "எடுத்தாச்சுன்னு வகுப்புக்கு ஒரு வரி வெச்சிடலாமே?"

"எடுக்காம என்ன பண்ணுவாங்க? ஒவ்வொரு தடவையும் இன்னொரு டேட்டா டேபிளையும் தேடணும். வேகம் குறையும்."

பெரிதாக ஒன்றும் குறையாது. அது எனக்கும் தெரியும். அவள் சொல்லி நான் கேட்பதா என்ற திமிர்தான்.

இன்று காலை பத்தரைக்கு அக்கா போன் செய்தாள். அவள் மகள், என் மருமகள், ஐந்தாம் வகுப்பு. காலையில் இருவருக்கும் சண்டை. பிள்ளை சாப்பிடாமல் அழுதுகொண்டே கிளம்பியிருக்கிறாள்.

"பக்கத்து வீட்டம்மா பஸ் ஸ்டாண்டுல நம்ம பாப்பா மாதிரியே ஒருத்தியப் பாத்தாங்களாம். ஸ்கூல் போன் எடுக்க மாட்டேங்குதுடா. நேர்ல போயிடவா?"

பக்கத்தைத் திறந்தேன். பச்சை. "ஸ்கூல்லதான் இருக்கா. நான் கட்டின சிஸ்டம்க்கா. போய் வேலையப் பாரு."

ஒன்றரை மணிக்குத் தூசி என் மேசைக்கு வந்தாள். முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை.

"ஊரே காய்ச்சல்ல கிடக்கு. எல்லா வகுப்புலயும் அஞ்சாறு பேர் வரலை. இந்த ஸ்கூல்ல அஞ்சாம் வகுப்பு பி-ல மட்டும் நாப்பத்திரண்டு பேரும் பச்சை."

அது என் மருமகளின் பள்ளி, அவள் வகுப்பு. இன்று யார் வருகை எடுத்தார்கள் என்று பார்க்கப் போனேன். அதைப் பார்க்க என் அமைப்பில் இடமே இல்லை.

நான்காவது முறை அழைத்தபோது பள்ளி கிளார்க் எடுத்தார். "அந்த டீச்சருக்கும் காய்ச்சல் சார். பசங்களப் பிரிச்சு வேற வேற வகுப்புல உக்கார வெச்சிருக்கோம். யாரும் எடுக்கலை."

மருமகளின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னேன். போனில் நாற்காலிகள் நகர்ந்தன, பிள்ளைகள் கத்தினார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று.

"பாப்பா காலைலேருந்தே வரலைன்னு கூடப் படிக்கிற பசங்க சொல்றாங்க சார்," என்றார். பிறகு தயங்கி, "ஆனா உங்க பேஜ்ல வந்ததாத்தானே இருக்கு?"

அக்கா அழைத்து மூன்று மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்த மனத்தை அடக்கினேன். தூசி ஏற்கெனவே போலீசுக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். நான் அக்காவின் எண்ணை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். குரலில் சிரிப்பு இருந்தது.

"நல்ல வேளை நீ பாத்துச் சொன்னேடா. நிம்மதியா ஒரு தூக்கம் போட்டேன்."