கவிழ்த்து வைத்த தட்டு

மளிகைக் கடைக்காரருக்குப் பிள்ளைகள் இல்லம் வைத்திருந்த பாக்கி பதினான்காயிரத்து அறுநூற்று நாற்பது. கடைக் கதவுப் பலகையின் உட்புறம் சாக்கட்டியால் பெரிதாக எழுதி வைத்திருந்தார். சாமான் வாங்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, பிறகு இல்லத்துச் சமையல்காரியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"அக்கா, இனிமே முடியாது. தர்மம் பண்றது உங்க தொழில். என் தொழில் வியாபாரம்."

"பணம் வருதாம்ணே. வெளிநாட்டுக்காரங்க அனுப்பிட்டாங்களாம்."

"நடந்து வருதா? நாலு மாசமா வருது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியாக என்று சொல்லி அவர் அளந்து போட்ட நொய்யரிசியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் திரும்பினாள்.

இல்லம் என்பது பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்கு. பிள்ளைகளில் பாதிப்பேர் தெருவில் பொறுக்கித் தின்றவர்கள். மீதிப்பேர் சண்டை நடந்த பக்கத்தில் துப்பாக்கி தூக்கியவர்கள். அவர்களில் ஒருவனுக்குத் தெருப்பிள்ளைகள் 'கேப்டன்' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். மீசை அரும்பாத கேப்டன். சண்டையிலிருந்து வந்த பிள்ளைகள் கையில் கத்தி கொடுக்கக் கூடாது என்பது வார்டனின் உத்தரவு. அதனால் சமையல்காரி அவனுக்கு அரிசியில் கல் பொறுக்கும் வேலை கொடுத்தாள். முதுகு வளையாமல் உட்கார்ந்து பொறுக்குவான். அவன் பொறுக்கிய அரிசியில் யார் பல்லிலும் கல் தட்டுப்பட்டதில்லை.

தெருப்பிள்ளைகளில் ஆகச் சின்னவனான பொடிசு மட்டும் அவன் முழங்காலில் சாய்ந்து கிடப்பான்.

"கேப்டன், எத்தன பேர சுட்ட?"

"பேசிட்டே இருந்தா ஒன்னையும் கல்லுன்னு பொறுக்கிப் போட்டுடுவேன்."

அன்றைக்கு அவள் நொய்யைக் கொட்டிவிட்டு, அடுப்பைப் பார்த்துப் புலம்பினாள். "கடைக்காரர் கையை விரிச்சுட்டாரு. நாளைக்கு வெறும் தண்ணியத்தான் கொதிக்க வைக்கணும். ஊரே பாத்துச் சிரிக்குது." பொடிசு, "அப்ப நாளைக்குச் சோறு இல்லியா?" என்று கேட்டான். கேப்டன் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் காலையில் சமையலறை வாசலில் கைவண்டி நின்றது. அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் டின். இறக்கிப் போட்ட கூலியாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "பாக்கியெல்லாம் தீந்துபோச்சுன்னு மொதலாளி சொல்லச் சொன்னாரு," என்றான்.

வார்டனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களாக்கா, மனுஷன்னா இப்படி இருக்கணும்," என்று மூட்டை பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தாள், வெளிநாட்டுக்கு அனுப்ப. சமையல்காரிக்கு நம்ப முடியவில்லை. காலிச் சாக்கைக்கூடத் திருப்பிக் கேட்டு வாங்குகிற ஆள் அவர். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

அவளைக் கண்டதும் கடைக்காரர் எழுந்து நின்றார். இதுவரை அவளுக்காக எழுந்தவர் இல்லை.

"வாங்கம்மா. சாமான் பத்தலியா?"

அக்கா அம்மாவாகி இருந்தாள். பலகையில் எழுத்து இல்லை, ஈரத்துணியால் துடைத்த தடம் மட்டும் இருந்தது. மேசைத் தராசின் தட்டு குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. அவள் அதை நிமிர்த்தக் கை நீட்டினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தொடாதீங்க."

உள்ளறையில் அவர் மனைவி கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"நாங்க சண்டை நடந்த பக்கத்துலேர்ந்து ஓடி வந்தவங்கம்மா. அங்க வசூலுக்கு வர்றவங்க வாயத் திறக்க மாட்டாங்க. தட்டக் கவுத்து வச்சுட்டுப் போவாங்க. குடுக்கவேண்டியதக் குடுக்கலேன்னா, மறுதடவ வசூலுக்கு வரமாட்டாங்க, வேற எதுக்கோ வருவாங்கன்னு அர்த்தம். என் மச்சான் வீம்புக்கு அத நிமித்தி வச்சான். கடையோட சேத்துக் கொளுத்திட்டாங்க."

"இங்க யாரு வந்தது?"

"நேத்து சாயந்தரம். உங்க கல்லு பொறுக்குற பையன்."

"அண்ணே, அவன் சின்னப் பையன்."

"அங்க வந்தவங்களும் சின்னப் பசங்கதாம்மா."

திரும்பி வந்தவள் வார்டன் அறையைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போனாள். வார்டனிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். பழைய புத்தியைக் காட்டியவனை ராணுவ முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருஷம் ஒருத்தன் கரண்டியை ஓங்கினான் என்று அனுப்பினார்கள். பிறகு விசாரித்தபோது, அப்படி ஒரு பையன் இங்கே வரவே இல்லை என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

கேப்டன் புது அரிசியை முறத்தில் பரப்பியிருந்தான்.

"ஏன்டா இப்படிப் பண்ணின?"

"நான் அடிக்கலக்கா. திட்டக்கூட இல்ல." அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஒன்னப் பாத்து சிரிச்சாங்கன்னு சொன்னியே."

"வா. வந்து அந்தத் தட்ட நிமித்தி வை."

அவன் கை முறத்தில் நின்றது. "அது எனக்குத் தெரியாதுக்கா. கவுக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க. நிமித்துனத நான் பாத்ததே இல்ல."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கடையில் அவன் தராசு முன்னால் நெடுநேரம் நின்றான். பிறகு இரண்டு கையாலும், சூடான பாத்திரத்தைத் தூக்குவதுபோல், தட்டை எடுத்து நிமிர்த்தினான். கடைக்காரர் சுவரோடு ஒட்டி நின்றார். அவர் பார்வை பையனின் கையில் இல்லை, அவன் இடுப்பில் இருந்தது, சட்டைக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று.

"இனி வரமாட்டான்ணே. நான் ஜவாப்தாரி. பாக்கியத் திரும்ப எழுதுங்க."

"வேண்டாம்மா."

சாக்கட்டியை எடுத்து அவளே நீட்டினாள். "எழுதுங்கண்ணே. தந்துடுவோம்."

"பாக்கி எதுவும் இல்ல. போயிட்டு வாங்க," என்றார். சாக்கட்டியை அவர் வாங்கவே இல்லை.

அடுத்த வாரம் வெளிநாட்டுப் பணம் நிஜமாகவே வந்துவிட்டது. "தீந்துபோச்சுன்னுதானேக்கா சொன்னாரு," என்று இழுத்த வார்டனிடம், "அவரும் பிள்ளகுட்டிக்காரரு மேடம்," என்று வாதாடி, பாக்கியையும் மூட்டைக்கான விலையையும் வாங்கிக்கொண்டு அவள் போனாள். கடை பூட்டியிருந்தது.

"ராவோட ராவா கிளம்பிட்டாங்க," என்றார் பக்கத்து சைக்கிள் கடைக்காரர். "சொந்தத்துல கல்யாணமாம். கல்யாணத்துக்கு எவனாவது பாய் தலகாணியெல்லாம் கட்டிட்டுப் போவானா?"

"எந்த ஊரு?"

"சொல்லலியே."

பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். அலமாரிகள் காலி. தராசை மட்டும் விட்டுப் போயிருந்தார்கள். தட்டு மறுபடியும் குப்புறக் கிடந்தது. அவரே கவிழ்த்திருக்க வேண்டும். பையன் நிமிர்த்திய தட்டை அப்படியே விட்டுப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை.

பணத்தை வார்டன் மேசையில் வைத்தாள்.

"ஏன் திடீர்னு போயிட்டாரு?"

"தெரியல மேடம்."

"சரி, வாங்க ஆளில்லேன்னா நன்கொடைன்னு எழுதிக்கறேன்," என்று வார்டன் பேனாவைத் திறந்தாள்.

சமையலறையில் கேப்டன் தலை நிமிரவில்லை. பொடிசு அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பாக்கி குடுத்தாச்சாக்கா?"

"தீந்துடுச்சு."

"தட்டு?"

அவள் குனிந்து அடுப்பை ஊதினாள். புகை கண்ணில் ஏறியது.

"நேராத்தான் இருக்கு."

அவன் ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தான்.